திரும்பி வருகிறவர்களுக்கான மேசை

புதுச்சேரியில் பிரெஞ்சுச் சாப்பாடு கிடைக்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரிக்காரர் வாராவாரம் போய் உட்கார்ந்து சாப்பிடும் பிரெஞ்சுக் கடைக்குத்தான் பஞ்சம். கடற்கரைச் சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, ஒயிட் டவுன் எனப்படும் பகுதியில், துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி என்று நீளும் மஞ்சள் சுவர்களுக்குள் முற்றம் வைத்த உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மதியம் வரை அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள். முத்தியால்பேட்டைக்காரரோ முதலியார்பேட்டைக்காரரோ அங்கே தென்பட்டால் அநேகமாக வேலைக்கு வந்தவராக இருப்பார். காசிருப்பவர், இல்லாதவர் என்ற வழக்கமான வித்தியாசம்தானே என்று இதைக் கடந்துவிடலாம். கடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அடுப்பில் துணிச்சல் என்பது சமையல்காரரின் கைத்திறனால் மட்டும் வருவதில்லை. அவரை நம்பித் திரும்பத் திரும்ப வரும் அக்கம்பக்கத்தாரால் வருகிறது. அக்கம்பக்கம் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல சமையலும் சில வருடங்களில் உறைந்துபோகும். பாண்டியின் பிரெஞ்சுச் சமையலுக்கு நேர்ந்திருப்பது அதுதான்.

ஒரு உணவகத்தின் பட்டியலை எழுதுவது அங்கே சாப்பிட வருகிறவர்கள்தான். வாழ்நாளில் ஒருமுறை, அதிகம் போனால் இரண்டுமுறை வரப்போகும் ஒருவரிடம் சமையல்காரர் என்ன பேச முடியும்? அவர் எதை எதிர்பார்த்து வந்தாரோ அதைக் கொடுத்து அனுப்ப வேண்டும். மிளகுச் சாஸ் ஊற்றிய ஸ்டேக், கிரீமில் வெந்த கோழி, ரட்டாட்டூய், க்ரெப், கேரமல் கஸ்டர்டு. இவற்றில் எதுவும் குறையான பண்டமில்லை. வெங்காய சூப் ஒன்றை ஒழுங்காகச் செய்ய வெங்காயத்தை முக்கால் மணி நேரம் சிறுதீயில் கருகாமல் கிளறிக்கொண்டிருக்கும் பொறுமை வேண்டும். ஆனால் அடுத்த மாதம் வந்தாலும் அடுத்த வருடம் வந்தாலும் இதே பட்டியல்தான் இருக்கும், இருந்தாக வேண்டும். படம் பார்த்து வந்தவருக்குப் படத்தில் கண்டது கிடைக்காவிட்டால் ஏமாற்றம். அவர் ஊருக்குப் போய் எழுதப்போகும் நாலு வரி கடையின் தலையெழுத்தையே மாற்றிவிடும். அதனால் யாரும் எதையும் மாற்றிப் பார்ப்பதில்லை. செவ்வாய், புதன்கிழமைகளில் பாதி மேசைகள் காலியாகக் கிடந்தாலும், அந்த நாட்களுக்கென்று வேறு சமையலை யோசிக்க யாருக்கும் காரணம் இருப்பதில்லை.

பாரிஸில் இந்த முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்பதைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஓட்டல் கிரியோன் என்ற அரண்மனை விடுதியில் கிறிஸ்டியான் கான்ஸ்தானிடம் வேலை கற்ற ஈவ் காம்ட்போர்த் 1992-இல் அதை விட்டு வெளியே வந்தார். நகர மையத்தில் கடை போடவில்லை. 14-ஆம் வட்டாரத்தில், நகரத்தின் தென் விளிம்பில், வாடகை குறைந்த தெரு ஒன்றில் லா ரெகாலாத் என்ற சிறு கடையைத் திறந்தார். பெரிய ஓட்டலின் சமையல் நுட்பம். பேட்டைக் கடையின் மேசையும் விலையும். வெள்ளி மூடியும் வெள்ளைக் கையுறையும் போயின. விலை உயர்ந்த துண்டுகளுக்குப் பதில் பன்றிக் கன்னம், குடல், நாக்கு, அன்றைக்குச் சந்தையில் மலிந்த மீன் என்று வாங்கி, ஒரே விலையில் ஒரு முழுச் சாப்பாடு கொடுத்தார். அவரோடு வேலை பார்த்தவர்கள் அடுத்தடுத்து இதே வழியில் கடை திறந்தார்கள். 2004-இல் செபஸ்தியான் தெமொரான் என்ற பத்திரிகையாளர் இந்த அலைக்கு பிஸ்ட்ரோனமி என்று பெயர் வைத்தார். 2006-இல் இனாக்கி ஐஸ்பிதார்த் 11-ஆம் வட்டாரத்தில் ல ஷாத்தோப்ரியான் கடையை எடுத்து நடத்தத் தொடங்கினார். அவர் எந்தப் பள்ளியிலும் சமையல் படித்தவர் அல்ல. பாத்திரம் கழுவும் வேலையிலிருந்து அடுப்புக்கு வந்தவர். இரவில் ஒரே ஒரு பட்டியல். வந்தவர்கள் அவர் வைத்ததைச் சாப்பிட வேண்டியதுதான். அந்தக் கடை பின்னால் உலகப் புகழ் பெற்றது. ஆனால் முதலில் அதை நிரப்பியவர்கள் தெருக்காரர்கள். பயணிகள் பின்னால் வந்தார்கள். இந்த வரிசைதான் என் வாதத்துக்கு முக்கியம்.

இந்தக் கடைகளில் துணிச்சல் என்று சொல்லப்படுவது என்ன? அரிய பொருள்களை வரவழைப்பது துணிச்சலில் சேராது. அதற்குப் பணம் போதும். மற்றவர்கள் ஒதுக்கும் பாகத்தை எடுத்து, அதன் வாடையையும் வழுவழுப்பையும் மறைக்காமல், சாப்பிடுகிறவர் விரும்பும்படி ஆக்கித் தருவதுதான் துணிச்சல். அந்தக் கணக்கில் பார்த்தால் தமிழ் நாக்குக்கும் பிரெஞ்சு நாக்குக்கும் நடுவே பெரிய தூரமில்லை. தென்மேற்கு பிரான்சின் கிராமங்களில் கோழி அறுக்கும்போது ரத்தத்தைத் தட்டில் பிடித்து, உறையவிட்டு, பூண்டும் பார்ஸ்லி இலையும் சேர்த்து வறுப்பார்கள். சான்கெத் என்று பெயர். நம் வீடுகளில் ஆட்டு ரத்தம் வாங்கி வந்து சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பொரிப்பதோடு அதை வைத்துப் பாருங்கள். நார்மண்டியின் கான் நகரத்தார் மணிக்கணக்கில் வேகவைக்கும் குடலும் ஞாயிற்றுக்கிழமைக் குடல் குழம்பும் ஒரே பொறுமையின் இரண்டு முகங்கள். தலைக்கறியும் மூளை வறுவலும் அவர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. நத்தையைப் பூண்டு வெண்ணெயில் சுட்டுத் தின்னும் பர்கண்டிக்காரரைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், வயல் நத்தையை மிளகு போட்டுப் பிரட்டித் தின்னும் நம் ஊர்களை மறந்துவிடுகிறார்கள். நியூயார்க்கில் விஜய் குமார் நடத்தும் 'செம்ம' உணவகம் அந்த நத்தைப் பிரட்டலையும் பட்டியலில் வைத்துத்தான் மிஷ்லின் நட்சத்திரம் பெற்றது. ஆக, ஒதுக்கப்பட்ட பாகங்களைச் சாப்பிடத் தமிழர் தயங்குவார்கள் என்ற பேச்சு நிற்காது. ஒயிட் டவுன் உணவகங்களில் கிடைக்கும் பிரெஞ்சுச் சமையல்தான் அந்தப் பாகங்களைத் தொடத் தயங்குகிறது.

பாரிஸின் பேட்டைக் கடைக்குத் தமிழ்நாட்டில் நெருங்கிய உறவு எது என்று கேட்டால், மெஸ் என்பேன். ஒரே அறை, முதலாளியே அடுப்படியில், அல்லது அவர் மனைவி. அச்சடித்த பட்டியல் கிடையாது. காலையில் மார்க்கெட்டில் என்ன கிடைத்ததோ அதுதான் மதியம் இலையில். பொறியியல் மாணவர், மருந்துப் பிரதிநிதி, நீதிமன்ற குமாஸ்தா என்று வருகிறவர்கள் வந்த முகங்களே. 'இன்னைக்கு என்ன இருக்கு?' என்ற கேள்வியோடுதான் உட்காருவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால்தான் சமையல்காரர் பதிலை மாற்ற முடியும். இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மெஸ்ஸுக்கு வருகிறவர்தான் உலகத்திலேயே பிடிவாதமான வாடிக்கையாளர். ரசத்தில் ஒரு மிளகு கூடினாலும் கேட்பார். அவரிடமா புதுமை செல்லுபடியாகும் என்பார்கள். உண்மைதான், சோறு, குழம்பு, ரசம் என்ற அடிப்படையில் அவர் அசையமாட்டார். ஆனால் ஓரத்தில் வைக்கும் தொட்டுக்கையில் அவர் எதையும் தின்று பார்ப்பார். சுறாப் புட்டும் மீன் சினை வறுவலும் காடையும் அப்படி ஓரத்தில் வந்து நிலைத்தவை. பிரெஞ்சுப் பேட்டைக் கடைகளும் இதையேதான் செய்கின்றன. முதல் தட்டில் விளையாடுவார்கள். நடுத்தட்டில் வயிற்றை நிரப்புவார்கள். கடைசியில் பழகிய இனிப்பைக் கொடுத்து அனுப்புவார்கள்.

பாண்டிக்கு இதைக் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருவது. இந்த ஊரில் ஏற்கெனவே ஒரு கலப்புச் சமையல் இருக்கிறது. 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் வந்து காலூன்றிய காலத்திலிருந்து 1954 நவம்பர் 1 வரை, இடையிடையே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பறித்துக்கொண்ட வருடங்கள் போக, ஏறத்தாழ 280 ஆண்டுகள் இரண்டு அடுப்படிகள் பக்கத்துப் பக்கத்தில் எரிந்தன. 1881-இல் தங்கள் சாதிவழிச் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்ற குடும்பங்களில் ரகூ, வின்டாய், ரம்மில் ஊறிய பழங்களும் ரவையும் நெய்யும் சேர்ந்த விவிகம் கேக் என்று ஒரு வரிசை உருவானது. சைகோனில் குமாஸ்தாவாகவும் சிப்பாயாகவும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வியட்நாம் மனைவியரையும் நெம் சுருள்களையும் மீன் சாற்றையும் கொண்டுவந்தார்கள். 'சொல்தா' என்று ஊரார் அழைக்கும் ஓய்வூதியப் படைவீரர் வீடுகளில் இன்றைக்கும் விருந்தென்றால் இந்த மூன்று நாட்டுப் பண்டமும் ஒரே மேசையில் வரும். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களின் மசாலா மார்தினிக்கிலும் குவாதலூப்பிலும் 'கொலொம்போ' என்ற பெயரில் அந்தத் தீவுகளின் அடையாள உணவாகிவிட்டது. அங்கே அது சாலையோரக் கடையில் கிடைக்கிறது. புறப்பட்ட ஊரில் அதன் உறவுப் பண்டங்கள் வீட்டுக் கதவுக்குள் இருக்கின்றன. லூர்து திருவான்சியம் லூயி 2012-இல் 'த பாண்டிச்சேரி கிச்சன்' என்ற நூலில் இந்த வீட்டுக் குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டது பெரிய சேவை. ஆனால் அது ஆங்கில நூல். பாண்டியில் அதை வைத்துச் சமைக்கக்கூடிய பலருக்கு அது எட்டாது.

வடகத்தை மட்டும் சற்று நிதானமாகப் பார்ப்போம். கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்தில் சித்திரை வெயில் ஏறியதும் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, கடுகு, சீரகம், வெந்தயம், உளுத்தம்பருப்பு, மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு போட்டுப் பிசைந்து ஒரு இரவு மூடி வைப்பார்கள். மறுநாள் முறத்தில் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் அள்ளிக் கசிந்த நீரிலேயே திரும்பப் பிசைந்து உருட்டுவார்கள். விளக்கெண்ணெய் தடவி, நாளுக்கு நாள் உருண்டை சுருங்கிக் கருப்பேறும் வரை இது நடக்கும். வீடு முழுக்க அந்த வாசனை நிற்கும். கீரைக்கும் மீன் குழம்புக்கும் கடைசியில் ஒரு துண்டைக் கிள்ளி எண்ணெயில் போட்டால் போதும், குழம்பின் குணமே மாறிவிடும். இதே வடகம் பிரெஞ்சுக்காரர் கையில் வதுவான் ஆகி, ஐரோப்பிய, அமெரிக்க உணவகங்களில் சில ஆண்டுகள் பெரிய மோகமாக இருந்தது. அங்கே அதைச் சூட்டடுப்பில் வறுத்த வெங்காயத்தோடு மசாலாப் பொடி சேர்த்துக் குப்பியில் அடைக்கிறார்கள். வெயிலில் புளித்துக் காய்ந்த மூலத்தின் ஆழம் அதில் வராது. மூலமோ பெரிய மார்க்கெட்டில் கூடையில் கிடைக்கிறது. நல்ல வெண்ணெயைச் சிறுதீயில் உருக்கி, பால் கசடு அடியில் பொன்னிறமாகி முந்திரி வறுபடும் மணம் வரும் நொடியில் வடகத்தை உதிர்த்துப் போட்டு, தோலோடு வறுத்த கிழங்கான் மீன் மேல் ஊற்றி, அரை எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும்? எந்தப் பிரெஞ்சுக்காரரும் அதைத் தன் வீட்டுச் சமையல் என்பார். எந்தப் பாண்டிக்காரரும் தன் வீட்டு வாசனை என்பார். மஞ்சள் சுவருக்குள் இருக்கும் பெரும்பாலான பட்டியல்களில் அப்படி ஒரு தட்டுக்கு இடமில்லாமல் போனது வெட்கத்துக்குரியது.

மீனுக்கு வந்தால் கதை இன்னும் கூர்மையாகிறது. மார்செய் நகரத்தின் புய்யபேஸ் பிறந்தது விற்காத மீனிலிருந்து. பாறையிடுக்கில் கிடைத்த முள் மிகுந்த சின்ன மீன்களை மீனவர்கள் கரையிலேயே கொதிக்க வைத்துச் சாப்பிட்டார்கள். பிறகு அது விருந்தாகி, விலை ஏறி, கண்ட கண்ட மீனைப் போட்டு ஏமாற்றும் கடைகள் பெருகவே, 1980-இல் உணவகக்காரர்கள் கூடி எந்தெந்த மீன் இருக்க வேண்டும் என்று ஒரு சாசனமே எழுத வேண்டிவந்தது. பாண்டி வீடுகளில் இதற்கு 'மீன் புயபேஸ்' என்றொரு வடிவம் உண்டு. குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும் ஒயிட் டவுனிலிருந்து நடை தூரம். தெற்கே வீராம்பட்டினம், தேங்காய்த்திட்டுத் துறைமுகம். அங்கே சங்கரா, காரப்பொடி, கிழங்கான், திருக்கை, கணவாய் எல்லாம் வருகின்றன. ஆனால் உணவகத் தட்டில் முள்ளில்லாத வெள்ளைத் துண்டம்தான் விருப்பம். தலையும் எலும்பும் குப்பைக்குப் போகின்றன. அந்தத் தலையையும் எலும்பையும் வெங்காயத்தோடு இருபது நிமிடம், கசப்பு இறங்குமுன், வேகவைத்து வடித்தால் கிடைக்கும் சாறுதான் பிரெஞ்சு மீன் சமையலின் அடிப்படை. அதற்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வருடாவருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகு போகாது. அப்போது கரைக்கு வருவது சிறு படகில் பிடித்த கரையோர மீன். சந்தையைப் பார்த்துச் சமைக்கும் கடையென்றால் அந்த 61 நாளும் பட்டியல் முற்றிலும் வேறாக இருக்க வேண்டும். மே மாதத்திலும் ஜனவரியிலும் ஒரே மீன் ஒரே சாஸில் வருகிற கடை, ஐஸ்பெட்டியைப் பார்த்துச் சமைக்கிறது.

இனி மறுப்புகள். முதலாவதும் வலுவானதும் இது: பிரெஞ்சுச் சமையல் ஆண்டவர்களின் சமையல், அதைத் தமிழர் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த ஊர் இது. ஆளுநர் மேசையின் நினைவைப் போற்றச் சொன்னால் நானும் இந்த மறுப்பாளரோடுதான் நிற்பேன். ஆனால் அந்த மேசைக்குச் சமைத்தது யார் என்று கேட்க வேண்டும். 1792-இல் புதுச்சேரி வந்த பாதிரியார் அபே துபுவா, ஐரோப்பியர் வீடுகளில் சமையல் உள்ளிட்ட வேலைகளுக்குப் பறையர்களையே வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததையும், மற்றவர்கள் அந்த வேலைகளை இழிவாகக் கருதி வர மறுத்ததையும் பதிவு செய்திருக்கிறார். மாட்டிறைச்சி வெந்த அந்த அடுப்படிகளில் நின்று, கேள்வியால் மட்டுமே நுட்பங்களைக் கற்று, கையிலிருந்த இஞ்சியும் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இந்தக் கலப்புச் சமையலை உண்டாக்கியவர்களில் அந்த மக்கள் முக்கியமானவர்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தத் தெருவுக்கும் வைக்கப்படவில்லை. ஆகையால் இந்தச் சமையலைக் கைவிடுவது காலனியத்துக்கு எதிரான செயலாகாது. உழைத்தவரின் சொத்தை மறுபடியும் பங்களாக்காரரின் பேரில் எழுதிக் கொடுப்பதாகத்தான் முடியும். அந்தச் சமையலைச் சுற்றுலாப் பயணிக்கு மட்டும் விற்று, சமைத்தவரின் பேரப்பிள்ளைகள் நுழையத் தயங்கும் இடத்தில் வைத்திருப்பதும் அதே அநியாயத்தின் தொடர்ச்சிதான். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது மறுப்பு, உள்ளூர்க் கைகளுக்கு இது வராது, பிரான்சிலிருந்து ஆள் வந்தால்தான் சரியாக இருக்கும் என்பது. பாரிஸுக்கே போய்ப் பார்க்கலாம். 1980-களிலிருந்து போருக்குத் தப்பி அங்கே சேர்ந்த ஈழத்தமிழர்களில் எத்தனையோ பேர் உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவத் தொடங்கி, காய் நறுக்கி, சாஸ் கிண்டி, அடுப்பின் பொறுப்புக்கு வந்திருக்கிறார்கள். லா ஷாப்பெல் பகுதியிலிருந்து அதிகாலை மெட்ரோவில் ஏறும் தமிழர்கள் இல்லாமல் அந்த நகரத்தின் அடுப்படிகள் பலவற்றில் வேலை நடக்காது. 2023-இல் பாரிஸ் மாநகரத்தின் சிறந்த பாகெத்துக்கான பரிசைப் பெற்றவர் தர்ஷன் செல்வராஜா; இலங்கையிலிருந்து 2006-இல் போனவர்; 20-ஆம் வட்டாரத்தில் பேக்கரி நடத்துகிறவர். அந்தப் பரிசோடு ஒரு வருடம் ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் உரிமையும் சேர்ந்து வரும். முந்தைய ஆண்டு நவம்பரில்தான் யுனெஸ்கோ பாகெத் செய்யும் கலையைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்திருந்தது. ஜனாதிபதியின் மேசைக்குத் தமிழர் சுட்ட ரொட்டி போகும்போது, முருங்கப்பாக்கத்து ஓட்டல் மேலாண்மை நிலையத்தில் படித்த பிள்ளைக்கு பிரெஞ்சு அடுப்பு கைவராது என்பது என்ன பேச்சு? நம் நாட்டு ஓட்டல் மேலாண்மைப் பாடத்திட்டமே பிரெஞ்சு செவ்வியல் சமையலில்தான் தொடங்குகிறது. ஐந்து தாய்ச் சாஸ்களும் காய் நறுக்கும் அளவுகளும் முதலாமாண்டுப் பாடம். கற்றுத் தேர்ந்த பிள்ளைகள் கப்பலுக்கும் துபாய்க்கும் போகிறார்கள், உள்ளூரில் அந்தப் படிப்புக்கு ஏற்ற சிறு கடை இல்லாததால்.

சுற்றுலாவால் பிழைக்கும் ஊரில் பயணியைத் திட்டலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். பயணி மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் வருகையால்தான் எத்தனையோ பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடம் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. தமிழர் பகுதியில் வைசியாள் வீதியின் திண்ணை வீடுகளைப் புதுப்பித்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. தூணுக்கும் சாளரத்துக்கும் கணக்கெடுப்பு, விதி, நிதி எல்லாம் இருக்கின்றன. அடுப்படிக்கு எதுவும் இல்லை. வீடுகள் விடுதிகளாக, குடியிருந்தவர்கள் வெளியேற, ஒயிட் டவுனில் இரவு ஒன்பது மணிக்குக் கடைக்கு நடந்துவரும் பக்கத்து வீட்டுக்காரர் குறைந்துகொண்டே வந்தார். இதுதான் சமையலைத் தொட்டது. பழைய தலைமுறை நினைவில் வைத்திருக்கும் சத்சங்கா, ராந்தேவூ போன்ற இடங்கள் பேர் வாங்கிய காலத்தில், பிரெஞ்சுக் கல்லூரி ஆசிரியர், ஆய்வு நிறுவனக்காரர், ஆசிரமவாசி, ஆரோவில்காரர் என்று வாரந்தோறும் வரும் ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டமும் மேல்தட்டுக் கூட்டம்தான். என்றாலும் திரும்பி வருகிற கூட்டம்.

நல்ல முயற்சிகளே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். தமிழர் பகுதியில் பெருமாள் கோயில் வீதியில் மேசோன் பெருமாள் விடுதி, பாண்டி வீட்டுச் சமையலை மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆரோவில்லின் பண்ணைகளில் உள்ளூர்ப் பாலில் செய்யும் சீஸ், பிரெஞ்சு மலைப்பகுதிச் சீஸ்களின் சாயலில் 'ஒரொப்லொஷோன்' என்று சொந்தப் பெயரோடே விற்கிறது. புஸ்ஸி வீதியில் காலை நேரத்தில் சூடான பாகெத் கிடைக்கிறது. பாலும் மாவும் மீனும் கையும் உண்டு. சேர்த்து வைக்க வேண்டிய சிறு அறை ஒன்றுதான் குறை.

அந்த அறை ஒயிட் டவுனில் இருக்கத் தேவையில்லை. அங்கே வாடகை கட்டுப்படியாகாது என்ற மறுப்புக்கு இதுவே பதில். காம்ட்போர்த் நகர விளிம்புக்குப் போனதைப் போல, நெல்லித்தோப்பிலோ லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு தெருமுனை போதும். ஒயின் இல்லாமல் பிரெஞ்சுச் சாப்பாடா என்பார்கள். மதுக்கடை உரிமத்தின் சுமையை ஒரு சின்னக் கடை தாங்காது என்பது நிஜம். ஆனால் சாப்பாட்டோடு ஒயின் செய்யும் வேலை, கொழுப்பை அறுத்து நாக்கை மறு கவளத்துக்குத் தயார் செய்வது. அந்த வேலையைப் புளிப்பேறிய மோரும், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும், கோகம் சர்பத்தும் நன்றாகவே செய்யும். குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு அப்படிப்பட்ட கடைதான் வேண்டியிருக்கிறது. வாரக் கடைசியில் மதுவுக்காகவே பாண்டி வரும் கூட்டத்திலிருந்து அது தன்னை ஒதுக்கியும் வைக்கும்.

கணக்கு உதைக்காதா? இருபது பேர் உட்காரும் அறை, ஒரே விலை, ஒரே பட்டியல் என்றால் உதைக்காது என்றே நம்புகிறேன், ஏனென்றால் பெரிய கடையைச் சாப்பிடுவது வீணாகும் பொருளும் குளிர்பெட்டியும்தான். முப்பது வகை எழுதி வைத்த கடை முப்பதுக்கும் பொருள் வாங்கி வைக்க வேண்டும்; யாரும் கேட்காதது மூன்றாம் நாள் குப்பைக்குப் போகும். மூன்று தட்டு மட்டும் சமைக்கும் கடை காலையில் வாங்கியதை இரவில் முடித்துவிடும். ஆட்டுக்குடல், மீன்தலை, கோழி ஈரல், வாழைப்பூ, முருங்கைக்கீரை என்று மலிவான பொருளில் நுட்பத்தை ஏற்றினால், விலையை நல்ல பிரியாணிக்கடையில் ஒருவர் கொடுப்பதற்கு மேல் கொண்டுபோக வேண்டியதில்லை. முதல் சில மாதம் ஆள் வராது. புதுக்கடைக்கு அது உள்ளதுதான். அந்த மாதங்களில் தட்டின் ஓரத்தில் மட்டும் விளையாடிவிட்டு, நடுவில் சோறும் நல்ல குழம்பும் வைக்கலாம். சோறு இல்லாமல் இரவுச் சாப்பாடு முடிந்ததாக நினைக்காத ஊருக்கு அந்த மரியாதையைச் செய்யத்தான் வேண்டும். கலப்புச் சமையல் தெரிந்த வீடுகளின் பெண்கள் வாரத்தில் ஒருநாள் அடுப்பை எடுத்துக்கொள்ளலாம், உரிய கூலிக்கும் தங்கள் பெயருக்கும். சுற்றுலாத் துறை பழைய கட்டடங்களுக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கை இப்படி முதல் வருடம் தள்ளாடும் கடைகளின் வாடகைக்கு ஒதுக்கினால் அதில் தவறு காண்பவர் யாரும் இருக்கமாட்டார்கள். கடை திறக்க நினைப்பவருக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்று: சனிக்கிழமை இரவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், செவ்வாய்க்கிழமை இரவை வைத்துப் போடுங்கள். அன்றைக்கு வந்து உட்காருகிறவர் முத்தியால்பேட்டைத் தையல்காரராகவோ ஜிப்மர் செவிலியராகவோ இருந்து, போன வாரம் சாப்பிட்ட ஈரல் பாத்தே மசியல் இந்த வாரம் ஏன் இல்லை என்று கேட்டால், அடுத்த வாரம் கொஞ்சம் அதிகமாகவே துணியலாம்.